அரக்கு வைத்து மூடிய காது

நம் நுகர்வோர் சங்கம் ஜெயித்த கேஸ்களைப் பற்றி எழுதித் தாருங்கள், புதிதாகச் சேர்ந்திருக்கும் எங்கள் நாலு பேருக்கும் உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெயித்த கேஸ்களெல்லாம் பச்சை அலமாரியில் வருஷவாரியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் என் கடிதங்களில் நல்ல இடங்களை நானே சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன், பின்னால் வருகிறவர்கள் ரசிக்க வசதியாக இருக்கட்டுமே என்று. இருபத்திரண்டு வருஷத்தில் கரப்பான் பூச்சிகளைத் தவிர வேறு யாரும் அந்த அலமாரியில் ஆர்வம் காட்டியதாகத் தெரியவில்லை.

அதனால் ஜெயிக்காத ஒன்றைச் சொல்கிறேன். தோற்கவும் இல்லை. அதற்கு என்ன பெயர் வைப்பதென்றே எனக்கு இன்னும் தெரியவில்லை. பதிவேட்டில் "முடிந்தது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எரிச்சலோடு குடும்பம் நடத்துகிற வேலை. மர்பி டவுனில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள அந்த ஒற்றை அறையில், வாரம் மூன்று நாள் நீங்கள் உட்காரப்போகிறீர்கள். மிக்ஸி ஜாரின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று ஒருவர் வருவார், கம்பெனி முதலாளியை ஜெயிலில் போட வேண்டும் என்பார், பில் எங்கே என்றால் பேன்ட்டோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன் என்பார். கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண் குரல் எட்டை அழுத்தச் சொல்லும், எட்டை அழுத்தினால் பாட்டுப் பாடும், பாட்டு முடிவதற்குள் "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று செய்தி வந்து விழும். வந்தவர் நம்மை முறைப்பார். கம்பெனி ஆசாமி எதிரில் இல்லை, நாம் இருக்கிறோம். யாரையாவது முறைத்தாக வேண்டுமே.

இதற்கெல்லாம் நான் கண்டுபிடித்த மருந்து, கடிதம். பத்துப் பாயின்டில் ஒரு நோட்டீஸ் எழுதுவேன். ஒவ்வொரு பாயின்டும் முந்தையதைவிடக் கொஞ்சம் கோபமாக இருக்கும். பத்தாவதில் எதிராளிக்கு மூச்சு முட்ட வேண்டும் என்பது என் கணக்கு. பெரும்பாலும் தட்டச்சு செய்தவருக்குத்தான் முட்டியது.

கடிதத்துக்கு அடுத்து என் இன்னொரு காதல், சாட்சிப் பொருள். இதற்கு ஒரு பின்கதை உண்டு. இங்கே வருவதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன். ஒரு போல்ட் வெளியே போனாலும் அதற்கு ஒரு சீட்டு, ஒரு முத்திரை, இரண்டு கையெழுத்து. அந்தப் புத்தியோடுதான் இங்கே வந்து உட்கார்ந்தேன். வந்த வருஷமே ஜோகுபாளையத்துக்காரர் ஒருவரின் சீலிங் ஃபேன் கேஸில் தோற்றோம். அவர் வெயில் தாங்காமல் தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் ஃபேனைக் கொடுத்துச் சரிசெய்துகொண்டார். "வெளியாள் திறந்துவிட்டார், இனி நாங்கள் பொறுப்பல்ல" என்று கம்பெனி ஒரே வரியில் தப்பித்தது. அடுத்த வருஷம் ஒருவர் கேக்கில் முடி இருந்தது என்று பாதிக் கேக்கைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன். அன்று நம் டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் பிறந்தநாள். மேலே சொல்ல வேண்டியதில்லை. நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பெயின்டால் எழுதி வைத்தேன்: பொருளைத் தொடாதீர்கள், திறக்காதீர்கள், ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். சிறிய பொருளாக இருந்தால் கவரில் போட்டு, மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி மூடி, குறுக்கே நானும் புகார்தாரரும் கையெழுத்துப் போடுவோம். அரக்கு உருகும் வாசனை வந்தாலே அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

இப்போது ஸ்டெல்லா மேரி.

ஒரு மார்ச் மாதம் வந்தார். விவேக் நகரில் இருக்கிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒரு நர்சரிப் பள்ளியின் வேனில் ஆயா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம். அந்தப் பாதியை நம்பித்தான் இருபது குழந்தைகளை வேனில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அதுவும் மங்கவே, சேமிப்பைத் திரட்டி ஒரு காதுக்கருவி வாங்கினார். வீட்டில் நன்றாகக் கேட்கிறது, கடையில் நன்றாகக் கேட்கிறது, வேனில் ஏறினால் மட்டும் வீல் என்று விசிலடிக்கிறது. விசில் தாங்காமல் சத்தத்தைக் குறைத்தால் எதுவுமே கேட்பதில்லை. கடைக்கு ஐந்து தடவை போய்விட்டார். ஐந்து தடவையும் அங்கே கருவி நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது. "பழகப் பழகச் சரியாயிடும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அட்ஜஸ்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அப்படித்தான். இந்த ஊரில் பாதி அநியாயம் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் நடக்கிறது.

ஃபைலில் குனிந்துகொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டேன். பில் இருக்கிறதா, இருந்தது, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். வாரன்டி இருக்கிறதா, இருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு புகார்தாரரைப் பார்த்ததில்லை. உடனே அரக்கை எடுத்தேன். கருவியை அவர் காதிலிருந்து கழற்றச் சொல்லி, கவரில் போட்டு, மூன்று இடத்தில் முத்திரை வைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். நான் சொல்லும்வரை இதைத் திறக்கக் கூடாது, யாரிடமும் கொடுக்கக் கூடாது, கடைக்காரன் கேட்டால்கூட.

கவனியுங்கள். காது கேட்கவில்லை என்று வந்தவரிடமிருந்து காதைப் பிடுங்கி, கவரில் போட்டு ஒட்டி, பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். அப்போது எனக்கு இது துளிக்கூட உறைக்கவில்லை. நல்ல வேலை பார்த்த திருப்தியில் மெழுகுவத்தியை ஊதி அணைத்தேன். அவர் போகும்போது பள்ளிக்கூடம் ஜூன் ஒண்ணாம் தேதி திறக்கும் என்றும், அதற்குள் முடிந்துவிடுமா என்றும் கேட்டார். லீவு இரண்டு மாசம் இருக்கிறதே, பார்க்கலாம் என்றேன். அதையும் ஃபைலைப் பார்த்தபடியே சொன்னேன்.

நோட்டீஸ் போன ஐந்தாம் நாள் கடைக்காரர் போன் செய்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"சார், பத்துப் பாயின்ட் எழுதியிருக்கீங்க. நான் இன்னும் நாலாவதுலயே நிக்கறேன். அந்தம்மாவ அனுப்பி வைங்க சார். மிஷினக் கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கறேன். அது வர்ற வரைக்கும் கடையில இருக்கறது ஒண்ணு தரேன், போட்டுக்கட்டும்."

"எதுவானாலும் எழுத்துமூலம் தெரிவியுங்கள்" என்றேன்.

"போன்ல சொன்னா ஆகாதா?"

"ஆகாது."

அவர் சரி என்று வைத்துவிட்டார். நானும் வைத்துவிட்டு, டீயோடு ஒரு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்தப் போனைப் பற்றி ஸ்டெல்லாவிடம் நான் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை, வேண்டாம் என்று முடிவு செய்தேன். கருவி கம்பெனிக்குப் போனால் "குறை ஏதுமில்லை" என்று சீட்டோடு திரும்பி வரும், ரிப்பேருக்கு ஒத்துக்கொண்டால் புதுசு கேட்கும் உரிமை போய்விடும், இரவல் கருவி என்பது தூண்டில் புழு. இதெல்லாம் அனுபவம் எனக்குச் சொன்னது. அனுபவம் என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள்? பத்துக் கடைக்காரர்கள் ஏமாற்றியதை ஞாபகம் வைத்துக்கொண்டு, பதினோராவது ஆள் பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அவருக்குப் பதில் சொல்லிவிடுவது. பத்தில் ஒன்பது தடவை அது சரியாகவும் இருக்கும். அதுதான் கஷ்டம்.

எழுத்துமூலம் கேட்டேன் அல்லவா, வந்தது, வக்கீலிடமிருந்து. பன்னிரண்டு பாரா. முதல் பாராவில் ஸ்டெல்லா மேரி என்று யாரையும் தெரியாது என்றிருந்தது. மூன்றாவது பாராவில் அந்த ஸ்டெல்லா மேரி கருவியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்றிருந்தது. நான் சந்தோஷத்தில் துள்ளினேன். முரண்பாடு, முரண்பாடு என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன். ஏழாவது பாராவோடு வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஏப்ரல் முழுக்க அதிலேயே போயிற்று. பிறகு நுகர்வோர் ஆணையத்தில் மனு, மனுவுக்கு இணைப்புகள், இணைப்புகளுக்குப் பக்க எண்கள். முதல் விசாரணை ஜூலையில் என்று தேதி வந்தது. சுத்தமான கேஸ். பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி அந்த ஃபைலை ரசித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஸ்டெல்லாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் மூன்று செய்திகள் வந்தன. ஏப்ரல் கடைசியில், கவரைத் திறக்கலாமா என்று. வேண்டாம், பொறுமை என்று பதில் போட்டேன். மே நடுவில், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், திறக்கலாமா என்று. வேண்டாம், கேஸ் ஸ்ட்ராங் என்று போட்டேன். மூன்றாவது செய்தியில் வார்த்தையே இல்லை. கவரின் போட்டோ மட்டும் இருந்தது, மூன்று முத்திரையும் தெளிவாகத் தெரிய. நான் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினேன்.

மே மாதக் கடைசியில், பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை நேரில் வந்தார். ஒரு கையில் அதே கவர். இன்னொரு கையில், வக்கீல் அவருக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார், அந்தக் கடிதம்.

நான் வழக்கம்போல ஃபைலைப் பிரித்துக்கொண்டு, எல்லாம் நன்றாகப் போகிறது, ஜூலையில் பாருங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கவரை ஃபைலின் மேல் வைத்தார்.

"மூஞ்சியத் தூக்கிப் பேசுங்க சார். உதட்டப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும். மார்ச்லருந்து நீங்க பேசுனதுல பாதி எனக்குத் தெரியாது."

நிமிர்ந்தேன். மூன்று மாதத்தில் அவர் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் பள்ளியில் வேனை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், குழந்தைகள் இல்லாமல். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு, குழந்தை மாதிரி, ஆயா தண்ணி, ஆயா வாந்தி வருது என்று கூப்பிட்டிருக்கிறார். ஸ்டெல்லா முன்னால் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. டிரைவர் தோளைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் திரும்பினார். இன்சார்ஜ் கெட்டவர் இல்லையாம். திட்டவில்லை. திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்ப்பேன், அன்னைக்கும் இப்படித்தான்னா வேற ஆயா வச்சிடுவேன், என் மேல வருத்தப்படாதீங்க என்றாராம்.

"அவர் சொல்றது நியாயம்தான சார்" என்றார் ஸ்டெல்லா. "பின்னாடி ஒரு புள்ள மூச்சு முட்டிக் கூப்ட்டுதுன்னு வைங்க."

அவர் வக்கீல் கடிதத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடுத்து வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லியிருக்கிறார். பதினோராவது பாராவில் பென்சில் கோடு போட்டிருந்தது. நான் போய்ச்சேராத பாரா. எங்கள் கட்சிக்காரர் மாற்றுக்கருவி தருவதாகத் தொலைபேசியில் முன்வந்தார், புகார்தாரரின் பிரதிநிதி மறுத்துவிட்டார் என்றிருந்தது.

"பிரதிநிதின்னா நீங்கதான சார்?"

"ஆமாம்."

"கடைக்காரர் வேற மிஷின் தரேன்னாரா?"

"ஆமாம்."

"நீங்க வேணாம்னிட்டீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இந்த மேசையில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். கடைக்காரன் வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கியிருக்கிறேன். எனக்கென்றே விலாசம் போட்டு வந்தது இது ஒன்றுதான்.

இருவரும் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனோம். வழியெல்லாம் மூளை பழைய வேலையைத்தான் செய்தது. முத்திரையை உடைத்தால் கேஸ் போச்சு, உடைக்காவிட்டால் திங்கட்கிழமை போச்சு, உடைக்காமல் இரவல் கருவி மட்டும் வாங்க வழி உண்டா, வக்கீல் வைத்த ஆள் இனி நம்மோடு பேசுவாரா. இப்படி ஒரு நெருக்கடியில் நீங்கள் மாட்டினால் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டும். நான் அப்போதும் கேட்கவில்லை. மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "லாயர்கிட்ட பேசுங்க சார். நீங்கதான எழுத்துல கேட்டீங்க" என்றார். நியாயம். நான் வாயைத் திறந்தேன், இந்தப் பிரச்சினையின் சட்ட நிலை என்று ஆரம்பித்தேன்.

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் ஸ்டெல்லா.

இருந்தேன்.

அவர் கடைக்காரரைப் பார்த்தார். "எனக்கு உங்க மேல கோவம் இல்ல. திங்கட்கிழமை காலைல எனக்குக் காது கேக்கணும். அவ்ளோதான்."

"கேஸ வாபஸ் வாங்குங்கம்மா, உடனே பண்ணித் தரேன்."

"கேஸ் சாரோடது, அவர்கிட்ட கேளுங்க. காதுதான் என்னுது."

இருபத்திரண்டு வருஷத்தில் என் வேலையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

ஸ்டெல்லா வீட்டுச் சாவியை எடுத்து அரக்கின் அடியில் கொடுத்து நெம்பினார். முதல் முத்திரை தெறித்தது. இரண்டாவது தெறித்தது. மூன்றாவதில் என் கையெழுத்து இரண்டாகக் கிழிந்தது. கருவியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மூன்று மாதமாகச் சும்மா கிடந்த பேட்டரியை மாற்றியதும் உயிர் வந்தது. கடைக்காரர் பேசினார், கேட்டது. நான் பேசினேன், கேட்டது. விசிலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏ.சி. அறை, மெத்தென்ற நாற்காலி, கருவி தங்கமாக வேலை செய்தது.

"பார்த்தீங்களா" என்றார் கடைக்காரர். ஐந்து தடவையும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

எனக்கு ஒரு நிமிஷம் அந்தக் கருவியை வாங்கி ரோட்டில் வீசிவிடலாமா என்று வந்தது.

கருவி பொருத்தும் பெண் ஒருவர் அங்கே இருந்தார், நந்தினி என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவராம். அவர் மட்டும்தான் ஒரு கேள்வி கேட்டார். "வேன்ல நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்? இப்படி உக்காந்து மெதுவாத்தான் பேசுவீங்களா?"

ஸ்டெல்லா சிரித்துவிட்டார். "அங்க யாரும்மா மெதுவா பேசுவா. பேசிக் காட்டட்டா?"

நந்தினி தலையாட்டினார். ஸ்டெல்லா எழுந்து நின்று, கடையின் கோடியைப் பார்த்து, வேன் குரலில் ஒரு சத்தம் கொடுத்தார்.

"டேய் ரித்விக், தலைய உள்ள எடு! ஆராத்யா, பெல்ட்டப் போடு!"

கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. காத்திருந்த பெரியவர் ஒருவர் அவசரமாக முதுகை நேராக்கி உட்கார்ந்தார். அதோடு சேர்ந்து கருவியும் குக்கர் மாதிரி விசிலடித்தது.

நந்தினி பக்கத்தில் வந்து அவர் காதருகே விரலை வைத்து, இன்னொரு தடவை கத்துங்கள் என்றார். இன்னும் இரண்டு ரித்விக், ஒரு ஆராத்யா. பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார். "வாயப் பெரிசாத் திறக்கறப்ப தாடை நகருது சார். காதுக்குள்ள இருக்கற அச்சு லூஸாகி, கேப் வழியாச் சத்தம் வெளிய வந்து விசிலாகுது. அச்சு எடுக்கறப்ப வாய மூடிட்டு ஆடாம இருங்கன்னு நாமளே சொல்றோம்ல. இவங்க வேலையே வாயத் திறந்து கத்தறது."

அவ்வளவுதான் விஷயம். கருவியில் ஒரு குறையும் இல்லை. என் நோட்டீஸின் முதல் பாயின்ட் உற்பத்திக் குறைபாடு. மற்ற ஒன்பதும் அதன் தோள்மேல் ஏறி நின்றவை. ஜூலையில் விசாரணைக்குப் போய், கருவியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால், "நன்றாக வேலை செய்கிறது" என்று ஒரு வரி வந்திருக்கும். நான் அரக்கு வைத்துக் காப்பாற்றியது எதிராளியின் சாட்சியத்தை. அவர் வக்கீலும் சும்மா இல்லை, பராமரிப்பு சரியில்லை என்று மூன்று பாரா எழுதியிருந்தார். அதுவும் பொய். இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்திரண்டு பாயின்ட் எழுதியிருக்கிறோம். அந்த அம்மாவை ஒரு தடவை சத்தம் போட்டுக் காட்டச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னிடம் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் அப்போது ஒரே சாயல் இருந்திருக்கும்.

நந்தினி ஸ்டெல்லாவை வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லிப் புதிதாக அச்சு எடுத்தார். அது தயாராகி வர ஒரு வாரம் ஆகும். அதுவரை மெத்தென்ற ரப்பர் முனை வைத்த வேறு கருவி ஒன்றைப் போட்டுவிட்டு, ரித்விக்கை இன்னும் நாலு தடவை திட்டவைத்துப் பார்த்தார். விசில் வரவில்லை.

பிறகு எழுத்து வேலை. பழக்கதோஷத்தில் பேனா கைக்கு வந்துவிட்டது, எண் ஒன்று என்று போட்டும்விட்டேன். ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, "தமிழ்ல எழுதுங்க சார், சின்னதா" என்றார். நாலு வரி எழுதினேன். புது அச்சு எந்தத் தேதிக்குள், அதுவரை இந்தக் கருவி, எதற்கும் கட்டணம் இல்லை, ஒரு மாதம் வேனில் போட்டுப் பார்த்துச் சரி என்று அவர் சொன்ன பிறகு மனு வாபஸ். கடைக்காரர் ஒரு மாதம் ஜாஸ்தி, பதினைந்து நாள் போதும் என்றார். ஸ்டெல்லா இல்லை என்று தலையாட்டினார். கையெழுத்தாயிற்று. என் வாழ்க்கையிலேயே சிறிய கடிதம். அடிக்கோடு போட அதில் ஒரு சொல்கூட இல்லை.

வெளியே வந்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. எதிர்ச்சாரியில் ஒரு பேனரைப் பார்த்துக்கொண்டு, பஸ் போகிற இரைச்சலில், வாய்க்குள்ளேயே தப்பு என்னுடையதுதான் என்று முனகினேன். கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டாலும் சொன்ன கணக்கில் சேரும்.

"கேக்குது சார்" என்றார் ஸ்டெல்லா. "சொல்லுங்க."

முழுசாகச் சொன்னேன், திரும்பி நின்று, முகத்தைப் பார்த்து.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதில் என்ன? அரக்கு டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அந்த ஃபேன் கேஸ் இன்னும் எனக்கு வலிக்கிறது. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பொருள் என்ன கோளாறு செய்கிறதோ, அதை அது செய்கிற இடத்திலேயே படம் பிடியுங்கள். மார்ச்சில் வேனில் ஏறி இரண்டு நிமிஷம் படம் பிடித்திருந்தால், விசிலோடு விசிலுக்குக் காரணமும் தெரிந்திருக்கும். எதிராளி ஏதாவது தருகிறேன் என்று சொன்னால், அது தூண்டிலோ மீனோ, முதலில் புகார்தாரர் காதுக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவருடையது. அது தூண்டில் என்று உங்களுக்குத் தோன்றினால் அதையும் சொல்லுங்கள், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அப்புறம், பில்லைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பொருள் இல்லாமல் நாளைக் காலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிலர், ஒன்றும் இல்லை சார், அவனுக்குப் பாடம் கற்பிக்கணும் என்பார்கள். அவர்களுக்குப் பத்துப் பாயின்ட் எழுதுங்கள், சந்தோஷமாக எழுதுங்கள். சிலர் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பார்கள். அவர்களுக்குக் கடிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சுவரில் இருந்த அந்த வாசகத்தின் மேல் வெள்ளையடித்தது நான்தான். ஈரம் காரணம் என்று சங்கக் கமிட்டியில் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஏழு மணிக்கே விவேக் நகருக்குப் போய், பள்ளி வேன் கிளம்புகிற தெருமுனையில், இளநீர் வண்டிக்குப் பின்னால் பேப்பரை விரித்துக்கொண்டு நின்றேன். ரகசியமாக நிற்பதாக எனக்கு நினைப்பு. இளநீர்க்காரர் மூன்று தடவை என்ன வேணும் சார் என்று கேட்டுவிட்டார்.

வேன் வந்தது. இன்சார்ஜ் ஏறி, சொன்னபடி கடைசி சீட்டுக்குப் போனார். முதல் நிறுத்தத்துக் குழந்தைகள் ஐந்தாறு பேரும் ஏறினார்கள். புதிய குழந்தை ஒன்று அம்மாவை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அழுதது, இன்னொன்று அதைப் பார்த்து அழுதது, டிரைவர் ரேடியோவைப் போட்டிருந்தார். ஸ்டெல்லா முன்னால் படியருகே கடைசி சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று பைகளை வாங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக எனக்கு இன்சார்ஜின் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொன்னார் என்று நான் நின்ற இடத்துக்குக் கேட்கவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டெல்லா திரும்பினார். பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். இன்சார்ஜ் சிரித்துக்கொண்டே இறங்கி, கதவை வெளியிலிருந்து தட்டினார்.

எனக்குத் தாங்கவில்லை. பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, வாழ்த்துச் சொல்லலாம் என்று தெருவில் இறங்கி வேனுக்குப் பின்பக்கமாக நடந்தேன். என்ன சொல்வது என்று வாக்கியம் தயார் செய்துகொண்டே போனேன். நல்ல வாக்கியம். இரண்டாவது பாதியை எப்படி முடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலிலிருந்து ஸ்டெல்லாவின் தலை வெளியே வந்தது. வேன் குரல்.

"சார், வண்டி ரிவர்ஸ்ல வருது. டிரைவர் எத்தன தடவ ஹார்ன் அடிக்கிறாரு, கேக்கலியா? ஓரமா நில்லுங்க."

நான் ஓரமாக நின்றேன்.